காயலான் கடையும் உற்பத்தியாளர் பொறுப்பும்: கொடைக்கானல் பாதரசக் கழிவு முதல் மின்னணுக் கழிவு விதிகள் வரை

முன்னுரை

பயன் முடிந்த பொருள்களை எடைபோட்டு வாங்கும் கடையைத் தமிழகத்தில் காயலான் கடை என்பர். காயல்பட்டினத்து வணிகரோடு இப்பெயரைத் தொடர்புபடுத்திக் கூறும் வழக்கு உண்டு. கேரளத்தின் ஆரியங்கோடு, பாறசாலை முதலிய எல்லையூர்ப் பகுதிகளில் இவ்வகைப் பழம்பொருளை 'ஆக்ரி' என்னும் மலையாளச் சொல்லால் குறிப்பர். பெயர் வேறாயினும் தொழில் ஒன்றே. ஒரு காலத்தில் ஓட்டைக் குடமும் துருப்பிடித்த இரும்பும் சென்ற அக்கடைகளுக்கு இன்று பழைய தொலைக்காட்சிப் பெட்டியும் கைப்பேசியும் கணினியும் செல்கின்றன. எடை போட்டுக் காசு கைக்கு வந்ததும் அப்பொருளோடு தமக்கு இருந்த தொடர்பு அற்றுவிட்டதாக விற்றவர் கருதுகிறார். வீட்டாரின் இவ்வெண்ணத்தில் வியப்பில்லை. ஆனால் ஆலைகளும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணி வந்தன.

பொருளை விற்றவுடன் அதன்மேல் உள்ள உரிமை மாறுகிறது. அதனால் விளையும் தீங்குக்கான பொறுப்பும் அதனுடன் மாறிவிடுமா? இவ்வினாவை இந்தியச் சூழலில் கூர்மையாக எழுப்பிய நிகழ்ச்சி, 2001ஆம் ஆண்டு கொடைக்கானலில் ஒரு பழம்பொருள் கடையில் நிகழ்ந்தது. அந்நிகழ்ச்சியின் வரலாற்றையும், அதன் பின்னர் இந்தியாவில் உருவான மின்னணுக் கழிவு விதிகளையும் ஒருங்கே வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். விதிகள் கொடைக்கானலிலிருந்து எதைக் கற்றன, எதைக் கல்லாது விட்டன என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. மலைமேல் வந்த ஆலை

பாதரசம் தமிழர்க்குப் புதிய பொருளன்று. இரசம், சூதம் என்னும் பெயர்களால் சித்த மருத்துவ மரபு அதனை நன்கு அறிந்திருந்தது. சுத்தி செய்யாத இரசம் நஞ்சு என்பதும், முறைப்படி சுத்தி செய்த பின்னரே அதனை மருந்தாக்க வேண்டும் என்பதும் அம்மரபின் அடிப்படை விதிகள். பழனி மலைக்கோயிலின் மூலத்திருமேனி போகரால் நவபாடாணங்களைக் கொண்டு செய்யப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. நஞ்சை நஞ்சென்று அறிந்து கையாள வேண்டும் என்னும் நினைவைத் தாங்கிய அப்பழனி மலைத்தொடரிலேயே, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், பாதரசம் பெருமளவில் கையாளப்பட்ட ஆலை ஒன்று அமைந்தது.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள வாட்டர்டவுன் நகரில் வெப்பமானி செய்யும் ஆலை ஒன்றைச் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனம் நடத்தி வந்தது. அவ்வாலை 1980களின் தொடக்கத்தில் கொடைக்கானலுக்கு இடம் மாற்றப்பட்டது. எந்திரங்களும் அங்கிருந்தே வந்தன. 1983இல் நிறுவப்பட்ட இவ்வாலை பாண்ட்ஸ் இந்தியா நிறுவனத்தின் பெயரில் இயங்கியது. 1987இல் சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தை யூனிலீவர் தன்வயப்படுத்தியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. அந்நிறுவனமே 2007 முதல் இந்துஸ்தான் யூனிலீவர் எனப் பெயர் மாறியது. ஆலையின் உரிமை இவ்வாறு கைமாறி வந்ததை இங்கு நினைவில் கொள்வது நன்று. பொறுப்பு யாருடையது என்னும் வினா எழுந்தபோது, அதற்கு விடை கூற வேண்டியவர் ஆலையை நிறுவியவர் அல்லர், அதனை வாங்கியவரே.

ஆலையின் வணிக அமைப்பும் கருதத்தக்கது. பாதரசம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாயிற்று. செய்து முடித்த மருத்துவ வெப்பமானிகள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பிய நாடுகளுக்கும் ஏற்றுமதியாயின. நஞ்சு உள்ளே வந்தது, பயன்பொருள் வெளியே சென்றது. இடையில் சிந்தியதும் உடைந்ததும் ஆவியானதும் மட்டுமே மலையில் தங்கின.

அவை தங்கிய இடம் எளியதன்று. ஆலை பாம்பாறு சோலையை ஒட்டிய மேட்டில் அமைந்திருந்தது. அச்சோலையில் ஊறும் நீர் பாம்பாறாகிக் கும்பக்கரை அருவி வழியாகப் பெரியகுளம் பகுதிக்கு இறங்கி, வைகை நீர்ப்பரப்பைச் சேர்கிறது. பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் இயல்புடையது. அவ்வாவியை மூச்சில் ஏற்பவரின் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். நீரில் கலந்த பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, மீனின் உடலில் சேர்ந்து, அம்மீனை உண்பவரையும் சென்றடையும். சப்பானின் மினமாட்டாவில் சிசோ நிறுவனத்தின் கழிவுநீரால் விளைந்த நோய் 1956இலேயே அலுவல்முறையாகப் பதிவு பெற்றிருந்தது. ஆதலின் கொடைக்கானல் ஆலை தொடங்கப்பெற்ற காலத்தில் பாதரசத்தின் தீங்கு உலகம் அறியாத செய்தியன்று.

2. மூஞ்சிக்கல் கடை

2001 மார்ச்சு 7ஆம் நாள் கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த பழம்பொருள் கடை ஒன்றின் முன் ஏறத்தாழ நானூறு பேர் திரண்டனர். ஊர்மக்களும் ஆலையின் முன்னாள் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் அவர்களோடு நின்றன. அக்கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் அளவில் குவிந்து கிடந்ததை அவர்கள் வெளிப்படுத்தினர். மக்கள் நடமாட்டமும் குடியிருப்புகளும் நிறைந்த இடத்தில், கிழிந்த சாக்குகளில், திறந்தவெளியில் அக்கழிவு கிடந்தது.

மறுநாளே ஆலையின் பணி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு சூன் மாதத்தில் ஆலையை நிலையாக மூடும் முடிவை நிறுவனம் அறிவித்தது. பாதரசம் எஞ்சிய கண்ணாடிக் கழிவு பழம்பொருள் வணிகருக்கு விற்கப்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டது. தன் சொந்த நடைமுறைகளுக்கு மாறாக அவ்விற்பனை நிகழ்ந்துவிட்டது என்பது அதன் விளக்கம்.

இவ்விளக்கம் வரலாற்று நோக்கில் முதன்மையானது. இடர்தரும் கழிவுகள் குறித்த விதிகள் இந்தியாவில் 1989ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. கழிவை உண்டாக்குபவர் அதனை முறையாகச் சேகரித்து, ஏற்பமைந்த இடத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஆனால் 'கழிவு' என்று எழுதினால்தான் அவ்விதிகள் பொருந்தும். 'பழம்பொருள்' என்று எழுதி விலை பெற்றுக்கொண்டால் அஃது ஒரு சாதாரண விற்பனையாகிவிடும். நஞ்சு ஒன்றே, கணக்கேட்டில் அதற்கு இட்ட பெயரே அதன் வழியைத் தீர்மானித்தது. காயலான் கடை என்பது சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட வாயிலாக விளங்கியமை இதனால் தெளிவாகிறது.

கடைக்காரரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கண்ணாடிக்கு விலை உண்டு என்பது அவர் அறிந்தது. கண்ணாடிக்குள் இருந்தது இன்னதென்று அறியவும், அறிந்தாலும் அதனை நீக்கவும் அவரிடம் கருவி ஏதும் இல்லை. அறிவும் கருவியும் உடையவர் ஆலையார். பொறுப்பு அறிவைத் தொடர்ந்து செல்ல வேண்டும் என்னும் அறக்கருத்துக்கு மூஞ்சிக்கல் கடை ஒரு கண்கூடான சான்றாகும்.

3. திரும்பிச் சென்ற கழிவு

கழிவை என்ன செய்வது என்பது அடுத்த சிக்கலாயிற்று. பாதரசக் கழிவைத் தூய்மைப்படுத்தி மீட்கும் வசதி அந்நாளில் இந்தியாவில் போதிய அளவில் இல்லை. மலையிலேயே புதைப்பதை மக்கள் ஏற்கவில்லை. எங்கிருந்து பாதரசம் வந்ததோ அங்கேயே கழிவும் திரும்ப வேண்டும் என்று போராடியோர் வலியுறுத்தினர். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மேற்பார்வையில், கடையிலிருந்து மீட்கப்பட்ட கண்ணாடி உட்பட ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு 2003 மே மாதத்தில் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டது. பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஒரு பாதரச மீட்பு நிலையம் அதனைப் பெற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சியின் சிறப்பை உணர அதன் காலப் பின்னணியை நோக்க வேண்டும். வளர்ந்த நாடுகளின் இடர்தரும் கழிவுகள் ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதியாவதைத் தடுக்க 1989இல் பேசல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் அது நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதில் இணைந்தது. எனினும் கழிவுக் கப்பல்கள் வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்துகொண்டேயிருந்தன. அந்த ஓட்டத்திற்கு எதிராகத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றது தூத்துக்குடிக் கப்பல். அதனை அனுப்பச் செய்தது, 'செய்தவரே திரும்பப் பெறுக' எனக் கட்டளையிடும் ஒரு தனிச்சட்டம் அன்று. ஓர் ஊரின் விடாப்பிடி. உற்பத்தியாளர் திரும்பப் பெறும் முறை மின்னணுப் பொருள்களுக்கு விதியாக வருவதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, கொடைக்கானலில் அது செயலாகிவிட்டது எனலாம்.

4. திரும்பாதவை: மண்ணும் உடலும்

290 டன் திரும்பிச் சென்றது. ஆனால் அனைத்தும் திரும்பவில்லை. ஆலை வளாகத்து மண்ணில் ஊறியது திரும்பவில்லை. தொழிலாளர் உடலில் ஏறியதும் திரும்பவில்லை. எடை போட்டுப் பெட்டியில் அடைக்கத்தக்கது மட்டுமே கப்பலேறியது. கொடைக்கானல் வரலாற்றின் பிற்பகுதி முழுவதும் எஞ்சிய இவ்விரண்டையும் பற்றியதே.

மண்ணைத் தூய்மை செய்வதில் எழுந்த வாதம் ஓர் எண்ணைச் சுற்றியது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் எஞ்சியிருக்கலாம் என்பதே அவ்வாதம். பல அளவுகள் முன்வைக்கப்பட்டு, இறுதியில் 20 மில்லிகிராம் என்னும் அளவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. அவ்விடத்துக்கே உரிய இடர்மதிப்பீட்டின்படி வகுத்த பாதுகாப்பான அளவு அது என்பது நிறுவனத்தின் நிலைப்பாடு. பிரிட்டனில் குடியிருப்பு நிலத்துக்கு 1 மில்லிகிராம் அளவே கொள்ளப்படுகையில், ஆற்றின் தலைமாட்டில் உள்ள சோலைக்கு இவ்வளவு தளர்வு ஏன் என்பது சூழல் ஆர்வலர் தொடுத்த வினா. ஒரே நிறுவனம் ஒரு நாட்டில் ஓர் அளவையும் மற்றொரு நாட்டில் வேறோர் அளவையும் பின்பற்றலாமா என்னும் அறவினா இதனுள் பொதிந்துள்ளது. நீரியல் ஆய்வாளர் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டறிந்து எழுதியதையும், மரப்பாசிகளில் அது படிந்திருந்தமை அறியப்பட்டதையும் இங்குச் சேர்த்து எண்ணுதல் தகும். ஏரி ஆலை வளாகத்துக்குள் இருப்பதன்று. வேலி நிலத்துக்கு உண்டு, ஆவிக்கு இல்லை.

தொழிலாளர் வழக்கு இதனினும் நெடிது. முன்னாள் தொழிலாளர் சங்கம் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடியது. மருத்துவச் சோதனை, மறுவாழ்வு, இழப்பீடு ஆகியன கோரப்பட்டன. நீதிமன்றம் 2007இல் அமைத்த வல்லுநர் குழு, தொழிலாளரின் நோய்களைப் பாதரசத்தோடு தொடர்புபடுத்தப் போதிய சான்று இல்லை என்றது. நடுவண் தொழிலாளர் அமைச்சகத்தின் சார்பில் 2011இல் அளிக்கப்பட்ட அறிக்கை, தொழிலாளர் மட்டுமன்றி அவர்தம் மக்களும் பாதிப்புற்றனர் எனக் கருதப் போதிய சான்று உண்டு என்றது. ஆலைப்பணியால் நோய் விளையவில்லை என்னும் தன் நிலையிலிருந்து நிறுவனம் மாறவில்லை. 2015இல் இணையத்தில் பரவிய பாடற்காணொளி ஒன்று இவ்வழக்கை உலகத்தார் செவிக்குக் கொண்டுசென்றது. 2016 மார்ச்சு மாதத்தில் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு கண்டது. மனிதநேய அடிப்படையில் தொகை வழங்கப்படுவதாக நிறுவனம் கூறியது.

காலக்கணக்கு ஒன்றை இங்கு ஒப்பிடலாம். கடையில் கழிவு கண்டறியப்பட்டதிலிருந்து அது கப்பலேற இரண்டு ஆண்டுகள் ஆயின. தொழிலாளர்க்கு உடன்பாடு கிட்டப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. கண்ணாடிக்கு எடை உண்டு. அதனை எவரும் மறுக்க இயலாது. நடுங்கும் கைக்கும் தளர்ந்த சிறுநீரகத்துக்கும் எடை இல்லை. ஆதலின் அவற்றை மறுக்க இயன்றது. ஆலைப்பணியின்போது எடுத்த உடற்சோதனைக் குறிப்புகள் தொழிலாளர் கையில் இல்லாமற்போனால், நோயின் காரணத்தை மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் நோயாளியின் தலைமேல் ஏறிவிடும் என்பதை இவ்வழக்கு காட்டுகிறது.

5. சட்டம் வளர்ந்த வழி

போபால் நச்சுவாயுப் பேரழிவு நிகழ்ந்த 1984க்குப் பின் இந்தியச் சூழல் சட்டம் விரைந்து வளர்ந்தது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தில்லியில் 1985 டிசம்பரில் நிகழ்ந்த ஓலியம் வாயுக் கசிவு குறித்த வழக்கில், இடர்தரும் தொழிலை நடத்துபவர் அதனால் விளையும் கேட்டுக்கு விலக்கின்றிப் பொறுப்பாவார் என்னும் கோட்பாட்டை உச்சநீதிமன்றம் வகுத்தது. 1996இல் வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பற்றிய வழக்கில், மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியே என்று அந்நீதிமன்றம் அறிவித்தது. தமிழகத்துப் பாலாற்றங்கரை இந்தியச் சூழல் நீதிக்கு அளித்த கொடை இது.

இவ்விரு கோட்பாடுகளும் ஆலையின் வாயிலுக்குள் நிகழும் கேட்டைப் பற்றியன. ஆலையிலிருந்து விற்பனையாகிப் பயன்பட்டு முடிந்த பொருளைப் பற்றிய கோட்பாடு வேறு. 1990இல் சுவீடன் நாட்டு அறிஞர் தாமஸ் லிண்ட்குவிஸ்ட் தம் அரசுக்கு அளித்த அறிக்கையில் அதனை முன்வைத்தார். பொருளின் பயன்காலம் முடிந்த பின்னும் உற்பத்தியாளரின் பொறுப்பு நீள்கிறது என்பதே அதன் சாரம். அகற்றும் செலவைத் தாமே ஏற்க நேர்ந்தால், எளிதில் பிரிக்கத்தக்க, நஞ்சு குறைந்த பொருளைச் செய்ய உற்பத்தியாளர் முற்படுவர் என்பது அதன் உட்கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுப் பொருள்களில் ஈயம், பாதரசம், காட்மியம், ஆறிணை குரோமியம், இருவகைப் புரோமின் தீத்தடுப்பான்கள் ஆகிய ஆறு நஞ்சுகளைக் கட்டுப்படுத்திய விதியை 2006 சூலை முதல் நடைமுறைப்படுத்தியது.

இந்தியாவில் திரும்பப் பெறும் கடமையை உற்பத்தியாளர் மேல் ஏற்றிய தொடக்ககால விதி, 2001 மே மாதத்தில் வெளியான மின்கல விதியாகும். ஈய அமில மின்கலம் செய்வோரும் இறக்குமதி செய்வோரும் பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற வேண்டும் என அது கூறியது. மூஞ்சிக்கல் நிகழ்ச்சிக்கும் அவ்விதிக்கும் இடையே இரண்டு மாதங்களே. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று கூற இயலாது. எனினும் ஒரே வினா அக்காலத்தில் இருவேறு இடங்களில் எழுந்துகொண்டிருந்தது என்பது புலனாகிறது.

மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2011இல் வெளியாகி, 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. உற்பத்தியாளரின் நீட்டித்த பொறுப்பு அவற்றின் அச்சாணியாக இருந்தது. மேற்குறித்த ஆறு நஞ்சுகளுக்கான வரம்புகள் 2014 மே முதல் பொருந்தின. காட்மியத்துக்கு 0.01 விழுக்காடும் ஏனையவற்றுக்கு 0.1 விழுக்காடும் வரம்புகளாயின. 2016ஆம் ஆண்டு விதிகள் பாதரசம் கொண்ட விளக்குகளையும் வரம்புக்குள் கொணர்ந்தன. 2018இல் செய்த திருத்தத்தால் திரும்பப் பெற வேண்டிய அளவு 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் உயருமாறு வகுக்கப்பட்டது. 2022இல் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகள், பொருள் வகைகளை 106ஆகப் பெருக்கி, இலக்கை 60 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை உயர்த்தியுள்ளன. பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சான்றிதழ் வாங்கி இலக்கை நிறைவு செய்யும் முறையையும் அவை ஏற்படுத்தின.

பாதரசத்துக்கென்றே மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவாகி 2017 ஆகத்து மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018இல் அதனை ஏற்றது. பாதரச வெப்பமானிகளின் உற்பத்தி, ஏற்றுமதி, இறக்குமதி ஆகியவற்றுக்கு 2020ஐ அவ்வுடன்படிக்கை இறுதியாண்டாக வகுத்தது. கொடைக்கானல் ஆலை செய்த பொருளே இவ்வாறு உலக அளவில் விடைபெறும் நிலைக்கு வந்தது.

6. ஒரு சொல், இரு பொறுப்பு

இவ்விதிகளைத் தமிழில் எடுத்துரைக்க முற்படும்போது சொற்சிக்கல் ஒன்று எழுகிறது. அச்சிக்கல் மொழிபெயர்ப்பு அளவில் நில்லாமல் கருத்தையும் தொடுகிறது. விதிகள் இருவரை வேறுபடுத்துகின்றன. ஆலை வைத்துப் பொருளைச் செய்பவர் ஒருவர். தம் வணிகப் பெயரில் அப்பொருளைச் சந்தையில் விற்பவர் அல்லது இறக்குமதி செய்பவர் மற்றொருவர். இருவரையும் நாம் 'உற்பத்தியாளர்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். முன்னவரை 'ஆக்குநர்' என்றும் பின்னவரை 'பெயருரிமை விற்பனர்' என்றும் குறித்தால் தெளிவு பிறக்கும். நீட்டித்த பொறுப்பு விதிகளில் பின்னவர் மேலதே. ஆக்குநர்க்குத் தம் ஆலையில் உண்டாகும் மின்னணுக் கழிவைக் கையாளும் கடமை தனியே கூறப்பட்டுள்ளது.

இப்பாகுபாட்டைக் கொடைக்கானலில் பொருத்திப் பார்க்கலாம். அவ்வெப்பமானிகள் கடல்கடந்த சந்தையில் விற்கப்பட்டவை. நீட்டித்த பொறுப்பு என்னும் முறை அந்நாளில் அவற்றுக்கு இருந்திருப்பின், அது நியூயார்க்கிலோ இலண்டனிலோ ஒரு வீட்டில் உடைந்த வெப்பமானியைத் திரும்பப் பெறுவதோடு நிறைவுற்றிருக்கும். பாம்பாறு சோலை அதன் பார்வையில் பட்டிருக்காது. கேடு பொருளின் இறுதியில் நிகழவில்லை. அதன் பிறப்பிடத்தில் நிகழ்ந்தது. பொருளின் முடிவை நோக்கும் பொறுப்பு வேறு, பொருளின் பிறப்பை நோக்கும் பொறுப்பு வேறு என்பதும், இரண்டும் ஒருங்கே அமைந்தாலன்றி வட்டம் முழுமையுறாது என்பதும் இதனால் அறியலாகும்.

இன்றைய சான்றிதழ் முறையும் இந்நோக்கில் ஆராயத்தக்கது. பொன், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகிய உலோகங்களின் மீட்பைக் கொண்டு சான்றிதழ் கணக்கிடப்படுகிறது. விலையுள்ளது மீட்கப்படும் என்பதால் இஃது ஒரு வகையில் நடைமுறை அறிவுடைய ஏற்பாடே. ஆயினும் ஈயமும் பாதரசமும் காட்மியமும் எவ்வளவு பாதுகாப்பாக நீக்கப்பட்டன என்பதற்கு அக்கணக்கில் தனி மதிப்பு இல்லை. மூஞ்சிக்கல் கடைக்காரர் கண்ணாடியை மட்டும் எண்ணினார். அதனுள் இருந்ததை எண்ணவில்லை. சான்றிதழும் அதே தராசில் நிறுக்குமாயின், காயலான் கடை கணினிக்குள் புகுந்ததன்றி வேறு மாற்றம் நிகழவில்லை என்றே கொள்ள வேண்டும்.

தொழிலாளர் நிலையும் இத்தகையதே. பிரித்தெடுக்கும் தொழிலில் ஈடுபடுவோரைப் பதிவு செய்தல், பயிற்சியளித்தல், உடல்நலத்தைக் கண்காணித்தல் ஆகியவற்றை விதிகள் மாநில அரசின் கடமையாக்கியுள்ளன. பொருளைத் திரும்பப் பெறும் கடமை நிறுவனத்தினது. அதனைப் பிரிக்கும் கைகளைக் காக்கும் கடமை அரசினது. கொடைக்கானல் தொழிலாளரின் பதினைந்து ஆண்டுக் காத்திருப்பு இப்பிரிவின் விளைவை முன்கூட்டியே காட்டிவிட்டது.

7. எல்லையூர்களிலிருந்து ஒரு நோக்கு

ஆரியங்கோடும் பாறசாலையும் மாநில எல்லைக்கு அருகில் உள்ளவை. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழிப் பிரிந்தபோது கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. பேச்சும் உறவும் வணிகமும் இக்கோட்டைக் கடந்தே நடைபெறுகின்றன. கழிவும் கடக்கிறது. 2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பகுதிகளில் கொட்டப்பட்டிருந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு மூன்று நாள்களுக்குள் அதனை அகற்றுமாறு கேரளத்தாருக்கு ஆணையிட்டது. அம்மாதத்திலேயே சரக்குந்துகள் வந்து அதனை ஏற்றித் திரும்பின.

மருத்துவமனை ஓர் ஆலையன்று. மருத்துவக் கழிவு மின்னணுக் கழிவும் அன்று. எனினும் வந்த வழியே திரும்ப வேண்டும் என்னும் நெறி ஒன்றே. 2003இல் கப்பலுக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. 2024இல் சில நாள்களே போதுமானவாயின. இவ்வளவில் நெறி வலுப்பெற்றுள்ளது. ஆனால் எளிதில் அடையாளம் காணத்தக்க கழிவுக்கே இவ்விரைவு வாய்க்கிறது. மருத்துவச் சீட்டில் மருத்துவமனையின் பெயர் இருக்கும். எல்லையூர் ஆக்ரிக் கடையில் உடைத்துப் பிரித்த மின்சுற்றுப் பலகையில் எவர் பெயரும் எஞ்சுவதில்லை. பெயர் அழிந்தவுடன் பொறுப்பும் அழிந்துவிடுகிறது. உலகில் 2022ஆம் ஆண்டில் உண்டான 6 கோடியே 20 இலட்சம் டன் மின்னணுக் கழிவில் 22.3 விழுக்காடே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவு பெற்றுள்ளது என்னும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கு, பெயரிழந்த கழிவின் பேரளவை உணர்த்தும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. உற்பத்தியாளர் திரும்பப் பெறும் நெறி மின்னணுக் கழிவு விதியாக 2011இல் வருமுன்பே, மக்கள் முயற்சியால் 2003இல் கொடைக்கானலில் செயல்வடிவம் பெற்றது.

2. கழிவைப் பழம்பொருளாகப் பெயர் மாற்றி விற்பதே பொறுப்பைக் கைகழுவும் எளிய வழியாக இருந்தது. விதிகள் அவ்வழியைக் குறுக்கியுள்ளன, அடைத்துவிடவில்லை.

3. எடை போடத்தக்க கழிவு விரைந்து திரும்புகிறது. மண்ணிலும் உடலிலும் தங்கிய நஞ்சுக்கு நீண்ட வழக்கு வேண்டியிருக்கிறது. பணிக்காலத்து உடற்சோதனைக் குறிப்புகளின் படியைத் தொழிலாளர்க்கே அளிப்பது ஆக்குநரின் கடமையாக்கப்படின் இந்நிலை பெரிதும் மாறும்.

4. பொருளைச் செய்பவரையும் தம் பெயரில் விற்பவரையும் தமிழில் வேறுபடுத்திக் குறிப்பது, பொறுப்பின் இரு முனைகளையும் தெளிவாகக் காண உதவும்.

5. சான்றிதழ்க் கணக்கில் மீட்ட உலோகத்தின் அளவோடு, பாதுகாப்பாக நீக்கிய நஞ்சின் அளவும் இடம்பெறுதல் வேண்டும்.

சித்தர் மரபு இரசத்தைக் கையில் எடுப்பவனுக்கே அதனைச் சுத்தி செய்யும் கடனையும் வைத்தது. எடுத்தவன் ஒருவன், சுத்தி செய்பவன் வேறொருவன் என்னும் பிரிவு அங்கு இல்லை. புதிய தொழில்முறை அவ்விருவரையும் கடல்தாண்டிப் பிரித்துவிட்டது. பிரிந்தவற்றை மீண்டும் இணைப்பதே உற்பத்தியாளர் பொறுப்பு என்னும் கோட்பாட்டின் பணியாகும். அப்பணி தூத்துக்குடித் துறையில் கப்பலேறியதோடு முடிந்துவிடவில்லை. பாம்பாறு சோலையின் மண்ணிலும், எல்லையூர்ப் பழம்பொருள் கடைகளின் முற்றங்களிலும் அது இன்னும் எஞ்சியே நிற்கிறது.